உங்களுக்குத் தெரியுமா? அம்மா பெயரில் ஓர் ஆல்பம்

● எர்ணாகுளத்தில் பஸ் ஏறி ஃபோர்ட் கொச்சிக்கோ மட்டாஞ்சேரிக்கோ போனால், வழியில் வில்லிங்டன் தீவைக் கடந்துதான் போவீர்கள். அந்தத் தீவின் பெரும்பகுதி இயற்கையாக அமைந்ததல்ல, மனிதர்கள் மண் கொட்டி எழுப்பியது. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. காயலின் அடியிலிருந்து தூர்வாரிய மண் வீணாகவில்லை. அதைக் கொட்டி எழுப்பிய நிலத்தில்தான் பிறகு துறைமுக அலுவலகங்களும் ரயில் நிலையமும் விமானத்தளமும் வந்தன. சென்னை மாகாண ஆளுநராகவும் பின்னாளில் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

● எலெக்ட்ரானிக் இசையில் 'சாம்பிளிங்' என்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். எங்கோ அடியில் கிடக்கும் ஒலியைத் தோண்டி எடுத்து, வேறோர் இடத்தில் கொட்டி, மேலே நின்று ஆடுகிற அளவுக்குக் கெட்டியான தரையாக்குவது. இந்த இதழில் சொல்லப்போவது அப்படி எழுந்த ஓர் ஆல்பத்தின் கதை. பெயர் 'கலா'. செய்தவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருட்பிரகாசம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். அது அவருடைய இரண்டாவது ஆல்பம். முதல் ஆல்பத்தின் ஒலியிலிருந்து அவ்வளவு தூரம் விலகி வந்த இரண்டாவது ஆல்பங்கள் அபூர்வம்.

● கொச்சிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? 2012 டிசம்பர் 12, அதாவது 12-12-12 அன்று முதலாவது கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. அன்றிரவு ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில் பாடி ஆடியவர் எம்.ஐ.ஏ. எர்ணாகுளத்திலிருந்து காரிலும் பைக்கிலும் வந்த ரசிகர்கள் வில்லிங்டன் தீவின் சாலை வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பினாலேயில் அவர் பாடகராக மட்டும் வரவில்லை, பங்கேற்ற ஓவியர்கள், சிற்பிகள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் சினிமாவும் படித்தவர் அவர்.

● பினாலேயின் பெயரில் இருக்கும் முசிறி நம் சங்கப் பாடல்களில் வரும் அதே முசிறிதான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறை. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அந்தத் துறை தூர்ந்து, கொச்சியில் புது முகத்துவாரம் திறந்தது என்பார்கள். கடல்வழி வந்தவர்களால் உருவான இந்த ஊரில், ஏழெட்டு நாடுகள் சுற்றிச் செய்த ஒரு ஆல்பத்தின் பாடகியை முதல் நாளே மேடையேற்றியது மிகப் பொருத்தமான தேர்வு என்பேன்.

● எம்.ஐ.ஏ. 1975 ஜூலை 18இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். இலங்கையில் போர் முற்றியதும் 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். தந்தை ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். இயக்கப் பெயர் அருளர். 'லங்காராணி' நாவலை எழுதியவரும் அவர்தான். 1977 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழர்களை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலின் பெயர்தான் 'லங்காராணி'.

● முதல் ஆல்பத்துக்கு எம்.ஐ.ஏ. வைத்த பெயர் 'அருளர்'. 2005இல் வந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பிடித்தது. இரண்டாவது ஆல்பம் தாயின் பெயரில், 2007 ஆகஸ்டில் வெளியானது. வீட்டில் அதிகம் இல்லாத அப்பாவுக்கு ஒன்று, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அம்மாவுக்கு ஒன்று. முதலாவதை ஆண்தன்மை கொண்டதாகவும் இரண்டாவதைப் பெண்தன்மை கொண்டதாகவும் அவரே பேட்டிகளில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

● 'அருளர்' பிறந்தது ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியிலிருந்து. 1998இல் சந்தைக்கு வந்த கருவி. டிரம் மெஷின், சின்தசைசர், சீக்வென்சர் மூன்றும் ஒரே உடம்பில். மேற்கு லண்டன் வீட்டில், இசைப் பயிற்சி ஏதும் இல்லாமல், தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். அதற்கு முன் எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தை வீடியோ எடுக்கப் போனபோது, அவர்களோடு வந்திருந்த பீச்சஸ் என்ற கனடியப் பாடகிதான் இந்தப் பெட்டியைக் காட்டி ஊக்கப்படுத்தினார். முதல் பாட்டு 'கலாங்', வெறும் 500 பிரதிகள் மட்டும் அச்சடிக்கப்பட்டு 2003இல் வெளிவந்தது.

● அந்தப் பெட்டியின் ஒலி எப்படி இருக்கும்? சீக்வென்சரில் காலம் சம கட்டங்களாக வெட்டப்பட்டிருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த அடி விழ வேண்டும் என்று சொல்லிவிட்டால் இம்மி பிசகாமல் விழும். 'அருளர்' முழுக்க அந்த வறண்ட, கூரான, இடைவெளி நிறைந்த தாளம். ஸ்டீவ் மேக்கி, ராஸ் ஆர்ட்டன், ரிச்சர்ட் எக்ஸ், டிப்லோ என்று பலர் பின்னர் கைகொடுத்தார்கள் என்றாலும், அடிப்படையில் அது ஓர் அறைக்குள் ஒருத்தி ஒரு மெஷினோடு இருந்து செய்த ஆல்பம். கேட்டாலே தெரியும்.

● இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் போய், அன்றைக்கு உச்சத்தில் இருந்த தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு செய்வதாகத்தான் திட்டம். 2006இல் விசா கிடைக்கவில்லை. கதவு மூடியதும் அவர் வீட்டில் உட்காரவில்லை. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று போன இடத்திலெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். டிம்பலாண்டோடு செய்தது கடைசியில் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டாகச் சுருங்கியது, 'கம் அரவுண்ட்'. அதுதான் இருப்பதிலேயே சுமாரான பாட்டு என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாடல்களில் இருக்கும் தெருவும் தூசியும் அதில் இல்லை.

● சென்னைக்கு அவர் வந்தது ஏ.ஆர். ரஹ்மானைப் பார்க்க. இருவருக்கும் இசை வேலை அப்போது ஒத்துவரவில்லை. ஆனால் ரஹ்மான் தன் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார், வாத்தியக்காரர்களின் தொடர்புகளைக் கொடுத்தார். லண்டன் தயாரிப்பாளர் ஸ்விட்சும் வந்து சேர்ந்தார். 'கலா'வின் ஒலி திரும்பிய இடம் அதுதான், கோடம்பாக்கம்.

● அங்கே பதிவானது உருமி. இடை சுருங்கிய, இருமுகம் கொண்ட தோல் கருவி. ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால், அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் இழுபட்டு ஏறி இறங்கும். மறுமுகத்தில் நேர்க்குச்சியின் அடி. கோயில் கொடையிலும் காவடியிலும் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இழுப்பு வந்தாலே தோள் தானாக அசையும். மலேசியாவில் பத்துமலை தைப்பூசத்துக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், உருமி மேளம் அங்கே இளைஞர்களின் உயிர். சின்தசைசரில் கைப்பிடியைத் திருகிச் சுருதியை வளைப்பதை எலெக்ட்ரானிக் இசைக்காரர்கள் பெரிய வித்தையாகச் செய்வார்கள். நம் உருமிக்காரர் ஒரு குச்சியை வைத்து அதைக் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறார். சம கட்டங்களாக வெட்டிய காலத்துக்குள் அந்த இழுப்பு அடங்காது. மெஷினின் கட்டத்துக்கும் உருமியின் இழுப்புக்கும் நடக்கும் இழுபறிதான் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டு பாடல்களின் உயிர்நாடி.

● 'பேர்ட் ஃப்ளூ'வில் இன்னொரு தமிழ்ச் சரக்கும் இருக்கிறது. 2003இல் வந்த 'ஜெயம்' படத்தின், ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டின் ஒரு துண்டு. வீடியோவும் தென்னிந்திய மீனவக் கிராமம் ஒன்றில், பிள்ளைகள் சூழ எடுக்கப்பட்டது. ஆல்பம் வருவதற்கு முன்னால், 2006இலேயே, இந்தப் பாட்டை அவர் இணையத்தில் வெளியிட்டுவிட்டார். முந்தைய ஆல்பத்தின் ரசிகர்கள் முதல் தடவை கேட்டுத் திகைத்துப் போனார்கள்.

● ஆல்பத்தின் முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'. அதில் இளையராஜா இருக்கிறார்! மணிரத்னத்தின் 'தளபதி'யில் (1991) வந்த 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு சாம்பிள். எஸ்.பி. பாலசுப்ரமணியமும் கே.ஜே. யேசுதாஸும் சேர்ந்து பாடிய பாட்டு. யேசுதாஸ் பிறந்த ஊர் எது? ஃபோர்ட் கொச்சி. 1940 ஜனவரி 10. எம்.ஐ.ஏ. ஆடிய மைதானம் இருக்கும் அதே ஊர்.

● அதே 'பாம்பூ பங்கா'வில் அமெரிக்கப் பாடகர் ஜொனதன் ரிச்மன் பாஸ்டன் நெடுஞ்சாலையைப் பற்றிப் பாடிய பழைய ராக் பாட்டு ஒன்றின் சாயலும் உண்டு. தளபதியும் பாஸ்டன் நெடுஞ்சாலையும் ஒரே பாட்டில்.

● இனி கேரளம். 'வேர்ல்டு டவுன்' பாட்டில் கேரளக் கோயில் இசையின் கருவிகள் ஒலிக்கின்றன. இதைச் சொன்னால் தமிழ் ரசிகர்களில் பலருக்கு ஆச்சரியம். கேரளத்துக்காரர்களுக்கு ஆச்சரியம் இருக்காது, ஏனென்றால் நள்ளிரவு நடனக் கூடத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தக் கோயில் மேளத்தில் ஏற்கனவே இருக்கிறது. பஞ்சாரி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல். ஐந்து காலங்கள். முதல் காலத்தில் தாளச் சுற்று 96 அட்சரம். அடுத்தது 48. பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு படியிலும் சுற்று பாதியாகச் சுருங்க, வேகம் ஏற, கூட்டத்தின் கைகள் மேலே எழும். டி.ஜே. ஒருவர் லூப்பைப் பாதி பாதியாக வெட்டிக் கூட்டத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவார் அல்லவா? அந்தக் கணக்கு செண்டைக்காரர்களுக்குப் பழைய பாடம். அவர்களுடைய ஏற்றம் மணிக்கணக்கில் நீளும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

● பஞ்சாரி கேட்க ஆசையா? திருச்சூர்ப் பூரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பூரத்தின் இலஞ்சித்தற மேளம் பாண்டி மேளம், வேறு வகை. கொச்சியை ஒட்டிய திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் விருச்சிக உற்சவம் நடக்கும் நாட்களில் போய் நில்லுங்கள். அருகில் போகப் போகக் காதால் கேட்பது நின்று நெஞ்செலும்பால் கேட்க ஆரம்பிப்பீர்கள்.

● 'ஹசல்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் குரல்கள் பாடகர்களுடையவை அல்ல. படகைத் தள்ளும்போது கேரள மீனவர்கள் சேர்ந்து போடும் கூவலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். பின்னால் ராப் பாடுவது நைஜீரிய வம்சாவளி லண்டன் இளைஞர் ஆஃப்ரிக்கன் பாய். பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு போகிறவர்களைப் பற்றிய பாட்டுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. உழைப்பின் மூச்சே அங்கே தாளம். எந்த மெஷினும் அதை உருவாக்கவில்லை, பதிவு மட்டும்தான் செய்தது.

● ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வில்கானியா என்ற ஊர். அங்கிருந்த பழங்குடிச் சிறுவர்கள் 'வில்கானியா மாப்' என்ற பெயரில் ஆற்றில் மீன்பிடிப்பதைப் பற்றி ராப் பாடியிருந்தார்கள். அதையும், டிஜரிடூ ஊதலோடு, தன் ஆல்பத்துக்குள் கொண்டுவந்து தானும் கூடச் சேர்ந்து பாடினார். 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்'. மாங்காய் ஊறுகாயைச் சேர்த்தது யாழ்ப்பாணத்துப் பெண்தானே!

● 'ஜிம்மி' பாட்டை உங்களுக்குத் தெரியும். 'டிஸ்கோ டான்ஸர்' (1982) படத்துக்காக பப்பி லஹிரி இசையில் பார்வதி கான் பாடியது. சின்ன வயதில் வீட்டு விசேஷங்களில் இந்தப் பாட்டுக்கு மாதங்கி ஆடுவாராம். அம்மாவின் பெயர் தாங்கிய ஆல்பத்தில் இந்தப் பாட்டுக்கு இடம் இல்லாவிட்டால்தான் வியப்பு.

● 'பேப்பர் பிளேன்ஸ்' பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். அடித்தளம் 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று. விசா அலைக்கழிப்பில் பிறந்த பாட்டு. குடியேறியவர்களைப் பற்றிய பயத்தைத் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமுமாகத் திருப்பிக் காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றிவிட்டுத்தான் ஒளிபரப்பினார்கள். 2008இல் அதே பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் பிடித்தது. உள்ளே விட மறுத்த நாட்டில்!

● 2009 பிப்ரவரி 8 கிராமி மேடை. பிரசவத்துக்கு மருத்துவர்கள் குறித்த தேதி அதே நாள். நிறைமாத வயிற்றோடு, ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வேய்ன், டி.ஐ. நால்வரோடும் நின்று பாடினார். அவர்கள் பாடிய பாட்டே 'பேப்பர் பிளேன்ஸ்' சாம்பிளின் மேல் கட்டியது. மூன்று நாளில் மகன் பிறந்தான்.

● சென்னையில் ஒத்துவராமல் போன அந்த இருவர், ரஹ்மானும் எம்.ஐ.ஏ.வும், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். 'ஓ... சாயா' சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அந்த ஆண்டு அந்த விருதை வென்றதும் ரஹ்மான்தான், அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்கு. ஆஸ்கர் பட்டியலின் ஒரே பிரிவில் இரண்டு தமிழர் பெயர்கள் அருகருகே இருந்ததை நம் பத்திரிகைகள் போதுமான அளவு கொண்டாடவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

● 'கலா' அமெரிக்க பில்போர்டு 200இல் 18ஆம் இடத்துக்கு வந்தது. அதே நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம். 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007இன் தலைசிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. உருமிச் சத்தம் உள்ள ஓர் ஆல்பம் எலெக்ட்ரானிக் பட்டியலின் உச்சியில் இருந்திருக்கிறது என்பதை நம் ஊர் உருமிக் கலைஞர்களிடம் யாராவது சொன்னார்களா?

● இந்த ஆல்பத்தைச் செய்தவர்கள் என்று கேட்டால் வெளிநாட்டு ரசிகர்கள் டிப்லோ, ஸ்விட்ச் என்று டக்கென்று சொல்வார்கள். தன் வேலைக்கான பெருமையை ஆண் தயாரிப்பாளர்களின் கணக்கில் எழுதும் பத்திரிகையாளர்களை எம்.ஐ.ஏ. 2007இலேயே ஒரு பேட்டியில் நேராகக் கேட்டுவிட்டார். கேட்டது நியாயம். அந்த நியாயத்தை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. கோடம்பாக்கத்தில் வந்து வாசித்துவிட்டுப் போன தாள வாத்தியக்காரர்களையும் நாம் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் இளைஞர்கள் ஆடியது அவர்கள் கைகளின் வேகத்துக்குத்தான்.

● 2019இல் பிரிட்டிஷ் அரசு எம்.ஐ.ஏ.வுக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தது. அரசோடு எப்போதும் முரண்பட்டவர் ஏன் ஏற்றுக்கொண்டார்? பதில் அம்மா. அந்தப் பதக்கங்களின் ரிப்பனைக் கையால் தைப்பவர்கள் இங்கிலாந்தில் இரண்டே பெண்கள், அவர்களில் ஒருவர் தன் தாய் என்றும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்த வேலை செய்கிறார் என்றும் மகளே அறிவித்தார். 'கலா' என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் என்ன நினைத்தார் என்பது இந்தத் தகவலுக்குப் பின் இன்னும் நன்றாகப் புரிகிறது.

● மூன்றாவது ஆல்பம் 'மாயா' (2010) மறுபடி மெஷினுக்குத் திரும்பியது. இரைச்சல், டிரில்லிங் சத்தம், இணையத்தின் கண்காணிப்பு பற்றிய கோபம். நான்காவது 'மாதங்கி' (2013). தாந்திரீக மரபில் இசைக்கும் சொல்லுக்கும் உரிய தேவியின் பெயர், அவருடைய சொந்தப் பெயரும் அதுவே. அப்பா, அம்மா, தான், தெய்வம் என்று நான்கு பெயர்கள். நான்கிலும் மனிதக் கூட்டத்தின் மூச்சு அதிகம் கேட்பது இரண்டாவதில்.

● கேட்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் 'அருளர்' ஆல்பத்திலிருந்து 'கலாங்'. உடனே 'பேர்ட் ஃப்ளூ'. மாற்றம் எவ்வளவு என்பது முதல் பத்து விநாடியிலேயே தெரிந்துவிடும். பிறகு 'பாய்ஸ்', அதில் சென்னையும் டிரினிடாடும் எங்கே தைக்கப்பட்டிருக்கின்றன என்று தேடுங்கள். அதற்கப்புறம் பஞ்சாரி மேளப் பதிவு ஒன்று, பெருவனம் குட்டன் மாரார் தலைமையில் வாசித்தது கிடைத்தால் நல்லது, ஐந்தாம் காலம் வரை முழுசாக. கடைசியில் 'வேர்ல்டு டவுன்'. ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம். அடிநாதம் கேட்கிற பெட்டியில், அக்கம்பக்கத்தார் மன்னிக்கிற அளவுக்குச் சத்தமாக.